வடத்தில் இரண்டு கை

சிறுவயதில் ஆனித் தேரோட்டத்தை அம்மாவும் நானும் ஜவுளிக்கடை மாடியிலிருந்துதான் பார்ப்போம். வடம் பிடிப்பது அப்பாவும் அண்ணனும். இந்த வருடம், நடக்க முடியாத அம்மாவுக்காக, ஒரு கையில் வடமும் மறு கையில் வீடியோ காலுமாக ரத வீதியில் நின்றேன். சுற்றிலும் எல்லாரும் செல்போனும் கையுமாகத்தான் இருந்தார்கள். நெல்லையப்பர் தேர் திருப்பத்தில் நின்றுவிட்டது.

எனக்கு முன்னால் வடம் பிடித்திருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு இழுப்புக்கு முன்பும் முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வாள். அவள் திரும்பி எங்கள் எல்லாரையும் பார்த்துக் கத்தினாள்: "ஏலே, ஒத்தக் கையால இழுத்தா தேரு நவருமா? போன உள்ள வைங்கவே!"

"முதல் தடவை அக்கா, பழக்கமில்ல" என்றேன்.

"இழுக்கதுக்கு என்னம்மா பழக்கம்? கை ரெண்டு இருக்குல்லா?" என் உள்ளங்கையிலும் திருநீற்றைத் தேய்த்தாள்.

போனைப் பைக்குள் போட்டு இழுத்தேன். எல்லாரும் இழுத்தார்கள். தேர் குலுங்கி நகர்ந்தது. வீதியே ஆர்ப்பரித்தது.

மூச்சு வாங்க ஒதுங்கி நின்று போனை எடுத்தால், அழைப்பு துண்டாகவே இல்லை. அம்மா கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். "நாம இழுத்துட்டோம்ட்டி! அந்தப் பொம்பள யாரு? காட்டு பாப்போம்."

தேடினேன், கூட்டத்தோடு போய்விட்டாள். தேர் போன பக்கம் போனைத் திருப்பினேன். அங்கே எல்லாக் கைகளும் வடத்தில் இருந்தன.