எந்தப் பாதிக்கு?

ஓடும்போது ஒரு பக்கம் இழுக்கிறது என்று என் ஜப்பான் வானை மல்லாவியிலுள்ள ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவதற்காக அண்மையில்தான் அதை வாங்கியிருந்தேன்.

மெக்கானிக் ஒல்லியான மனிதர், காதில் ஒரு பென்சில். என்ன பழுதென்று வந்தாலும் முதலில் அடிச்சட்டத்திலுள்ள செசி நம்பரைத்தான் பார்ப்பாராம். முன் இருக்கையைத் தூக்கி, இரும்பில் பொறித்திருந்த நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எழுத்துகள் தாளில் தெரிந்தன.

"இந்த முன்னெழுத்துகள் கட்டை வானுக்குரியவை, தம்பி. உங்கட வான் நீளமெல்லோ?"

உள்ளே தரைவிரிப்பை உரித்தார். வானின் நடுவே, குறுக்காக, விரல் தடிப்பில் ஒரு வெல்டிங் கோடு ஓடியது.

"ரெண்டு வானை வெட்டி ஒட்டியிருக்கிறாங்கள்."

அன்று காலையும் துணுக்காய் வீதியால் பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றிப்போயிருந்தேன்.

"வானுக்குக் கோயிலில பூசை செய்தனீங்களோ?"

"ஓம் அண்ணை. சில்லுக்குக் கீழ தேசிக்காயும் வைச்சு நசிச்சனான்."

"எந்தப் பாதிக்கு?"

அவர் முகத்தில் பகிடி இல்லை. தாளை மடித்து என் கையில் தந்துவிட்டு அடுத்த வாகனத்திடம் போய்விட்டார்.

முன் சில்லுகளுக்குத்தான் தேசிக்காய் வைத்திருந்தேன். பிள்ளைகள் இருந்தது பின்பாதியில்.