பந்தயக் கக்கூஸுக்கு முன்னால் போன தடம்

டைமி லாட்டினன் காலையில் காகிதத்தில் வரைவாள். மதியத்துக்கு மேல் அதையே ஸ்கேன் செய்து டேப்லெட்டில் மெருகேற்றுவாள். டேப்லெட்டில் கோடு பிசகினால் இரண்டு விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், பிசகு மாயமாகிவிடும். அந்தச் சுகம் கண்ட விரல்கள் சும்மா இருக்குமா? அடுப்பில் பேஸ்டி என்கிற இறைச்சி ரொட்டி கருகினால் தட்டைத் தட்டும். சர்ச்சில் சுருதி தப்பினால் முன் பெஞ்சைத் தட்டும். கல்யாணத்தன்று பாதிரியார் ஓதி முடித்த கையோடு மாப்பிள்ளையின் தோளையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள் என்று ஊரில் பேச்சு. புருஷன் ரெய்னோ இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். ஆகவே அங்கே பலிக்கவில்லை.

மிச்சிகனின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்த அவள் ஊரில் பனிக்காலம் முடிகிற வேளையில் கக்கூஸ் பந்தயம் நடக்கும். பலகைக் கக்கூஸைச் சறுக்குக் கட்டைமேல் ஏற்றி, உள்ளே ஒருவரை உட்காரவைத்து, பின்னால் இருவர் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். வழியில் கதவு திறக்கக் கூடாது. மற்றபடி விதி அதிகமில்லை.

பந்தயச் சுவரொட்டியில் ஆண்டுதோறும் அச்சுக்கடைக்காரன் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட பனிமனிதன் ஒன்று பல்லை இளித்துக்கொண்டிருக்கும். இந்த முறை டைமிக்கு வாய்ப்பு வந்தது. அதுவரை அவள் வரைந்ததெல்லாம் தூண்டில் புழு டப்பாவுக்கு ஒட்டும் படங்கள்தாம். ஊரே நின்று பார்க்கும்படி ஒரு படம் வரைய வேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஏக்கம். கமிட்டிக்குப் பிடிக்காவிட்டால் மறுபடி பனிமனிதன்தான்.

கமிட்டியில் மூன்று பேர்: கிளீட்டஸ் பெரோ, தெல்மா போசாங்கோ, உர்ஹோ மாக்கி. பந்தயத்தில் மூவருக்கும் ஆளுக்கொரு கக்கூஸ் உண்டு. படத்தில் தன் கக்கூஸே முந்த வேண்டும் என்று மூவரும் தனித்தனியே வந்து அவள் காதில் ஓதிவிட்டுப் போயிருந்தார்கள்.

டைமி ஆகாயத்துக்கு நீலம் பூசி, ஈரத்தில் உப்பைத் தூவிப் பனியை மினுக்கினாள். பிர்ச் மரப்பட்டையில் மூன்று கக்கூஸ் வெட்டி, வம்பே வேண்டாமென்று மயிரிழை பிசகாமல் ஒரே வரிசையில் ஒட்டினாள். தூரிகையைக் கழுவப் போகும்போது ஒரு நீலச்சொட்டு கக்கூஸ்களுக்கு முன்னாலிருந்த வெள்ளைப் பனியில் விழுந்தது. விரல்கள் பாய்ந்து காகிதத்தைத் தட்டின. சொட்டு போகவில்லை. போகவில்லையே என்று இழுத்தும் பார்த்தன. இரண்டு நீலக்கோடுகள் ஒன்றை ஒன்று ஒட்டியபடி ஓடிக் காகித விளிம்பைத் தாண்டின.

அந்த நேரம் பார்த்துக் கமிட்டி உள்ளே நுழைந்தது.

“ஏம்மா டைமி, என் கக்கூஸ் மூக்கு ஒரு இன்ச்சாவது முன்னால நீட்டணும்னு சொன்னேனா இல்லையா?” என்றான் கிளீட்டஸ்.

“உன் கக்கூஸுக்கு ஏதுய்யா மூக்கு? மூக்கு இருக்கறது எங்களுக்கு. அதையும் பொத்திக்கிட்டு நிக்குறோம்” என்றாள் தெல்மா.

உர்ஹோ குனிந்து நீலக்கோட்டைப் பார்த்தான். “இது சறுக்குத் தடம்ல? நமக்கு முன்னால எவனோ போயிருக்கான்.”

“படத்தை விட்டே போயிட்டான்டா! என்னா வேகம்!” என்று கிளீட்டஸ் தொப்பியைக் கழற்றினான்.

“ஐயோ, அது என் விரலுங்க” என்றாள் டைமி.

“விரலாம்! விரல் இவ்ளோ நேரா சறுக்குமா? யாருன்னு சொல்லிடு கண்ணு. உன்மேல கோவமில்ல. அவன் பல்லை மட்டும்தான் உடைப்பேன்” என்றாள் தெல்மா.

டைமி படத்தை ஸ்கேன் செய்து, அவர்கள் கண்ணெதிரே டேப்லெட்டில் அந்தத் தடத்தை வெள்ளையால் மூடினாள். கமிட்டியின் முகம் சிவந்தது.

“தடத்தை அழிச்சு அந்தப் பயலைக் காப்பாத்துறியா?” என்று கிளீட்டஸ் கத்தினான். “பனிமனுசனையே போட்டுக்கலாம், வாங்க போவோம்!”

டைமி இரண்டு விரலால் டேப்லெட் கண்ணாடியைத் தட்டினாள். தடம் திரும்பி வந்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அந்தக் கமிட்டி ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அதுதான். மதுக்கடை, முடிதிருத்தகம், புழுக்கடை எங்கும் டைமியின் சுவரொட்டி ஏறியது. போகிறவர்கள் நின்று தடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பந்தயத்தன்று மூன்று கக்கூஸும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக எல்லைக்கயிற்றைத் தொட்டன. ஊர் கைதட்டியது. ஓடியவர்கள் நிற்கவில்லை.

“ஜெயிச்சாச்சு, நில்லுங்கய்யா!” என்று கூட்டம் கூவியது.

“ஜெயிச்சது யாரு, நாங்களா? அவன் முன்னால போறான்!” என்று கிளீட்டஸ் கக்கூஸுக்கு உள்ளிருந்தே பதில் சொன்னான். கதவைத் திறந்தால் தோற்றுவிடுவானே.

பெட்ரோல் பங்க்கைத் தாண்டினார்கள். மதுக்கடையையும் நுழையாமல் தாண்டினார்கள். விஷயம் விளையாட்டில்லை என்று அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. பனி உருகிய பிறகு பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் அவர்களைப் பார்த்ததாக ஒரு லாரிக்காரன் சத்தியம் செய்தான். புல்தரையிலும் வேகம் குறையவில்லையாம். வீட்டார் பேஸ்டியும் கம்பளிக் காலுறையும் கட்டி, போகிற வருகிற லாரிகளில் கொடுத்தனுப்புகிறார்கள்.

அடுத்த பனிக்காலம் வந்தது. டைமி புதுப்படத்தைச் சுருட்டிக்கொண்டு நகர மன்றத்துக்குப் போனாள். கமிட்டி மேசையில் மூன்று நாற்காலிகளும் காலி. மரியாதைக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். குறை சொல்ல ஆளில்லை, பனிமனிதனைக் கேட்கவும் ஆளில்லை. அவளே நாற்காலிமேல் ஏறி, வாசலைப் பார்த்த சுவரில் படத்தை மாட்டினாள்.