ரயிலில் நானே போட்டுக்கொண்ட தாலி

ஆண்டவருக்குள் அன்பான சபையாரே, 1991 ஜனவரியில், லண்டன் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இதே இரும்புலியூர் சபையில் நின்று எனக்கு விசா கிடைத்த சாட்சியைச் சொன்னேன். நீங்களும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அன்று நான் சொன்னது பாதிதான். மீதியைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. இப்போது விடுமுறைக்கு வந்த இடத்தில் சபைப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதினால் முழுவதும் எழுதுவது, இல்லாவிட்டால் சும்மா இருப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் கல்யாணம் 1989 ஜனவரியில் நடந்தது. என் கணவர் டேனியல் சின்ன வயதிலேயே பெற்றோரோடு லண்டன் போனவர். அங்கே ஒரு பஸ் டிப்போவில் மெக்கானிக். மூன்று வார லீவில் வந்திருந்தார். நம் சபை வழக்கப்படி தாலி இல்லை, நகை இல்லை, பூ இல்லை, மோதிரம்கூட இல்லை. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டேன். பாஸ்டர் ஐயா முன்னால் இருவரும் உடன்படிக்கை சொன்னோம். என் கணவர் எனக்கு ஒரு பைபிள் கொடுத்தார். அதன் முதல் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரையும் அன்றைய தேதியையும் தன் கையால் எழுதியிருந்தார். ஒரு சகோதரர் கேமரா கொண்டுவந்து படம் எடுத்தார். அதில் ஏழு படம்தான் தேறியது.

பதினாறாம் நாள் அவர் விமானம் ஏறினார். மார்ச்சில் விசாவுக்கு மனுப் போட்டேன். நேர்காணலுக்கு வரிசைப்படி கூப்பிடுவார்கள், காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தேன். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. காலையில் போவேன், சாயங்காலம் வந்ததும் முதலில் தபால் வந்ததா என்று கேட்பேன். அம்மா தலையை மட்டும் ஆட்டுவார். இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். அம்மாவும் தலையாட்டுவதை விட்டுவிட்டார்.

தெருவில் பேச்சு கிளம்பியது. அவனுக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கும், இவளை இங்கே பேருக்குக் கட்டி வைத்திருக்கிறான் என்றார்கள். குழாயடியில் என் காதுபடவே சொன்னார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், உங்களுக்குத் தெரியும். நானும் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவரே வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாமே என்று கேட்பீர்கள். அந்த வருடம் செப்டம்பரில் என் மாமனாருக்கு பக்கவாதம் வந்தது. மாமியார் முன்பே இறந்துவிட்டார். வேறு பிள்ளையும் இல்லை. டிப்போவில் வேலை பார்த்துவிட்டு வந்து தகப்பனைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுவார் என் கணவர். விசா கிடைக்காவிட்டால் அவர் தகப்பனை விட வேண்டும், அல்லது என்னை விட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. இதை அவர் ஒரு நாளும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

1990 பிப்ரவரியில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நேர்காணலுக்கு முந்தின வாரம் தாள்களைச் சரிபார்க்க, விசா அலுவலகத்துக்குப் பின்தெருவில் மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு ஃபாரம் நிரப்பித் தரும் ஒருவரிடம் போனேன். அவர் தாள்களைப் பார்த்ததைவிட என்னைத்தான் அதிகமாகப் பார்த்தார்.

"இன்னாம்மா, கழுத்து வெறுமனே கீது? இப்புடியே உள்ள போனா கல்யாணம் ஆன பொண்ணுன்னு எவன் நம்புவான்? ஒரு கவரிங் தாலியாவது மாட்டிகினு போ."

எங்கள் விசுவாசத்தில் அது கிடையாது என்று அவரிடம் விறைப்பாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அவர் பேச்சு என்னோடு ரயில் ஏறித் தாம்பரம் வரை வந்தது. மூன்றாம் நாள் மார்க்கெட்டில் ஒரு கவரிங் கடையில் நின்றேன். தாலி கோத்த ஒரு செயினைக் காட்டச் சொன்னேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். பள்ளிக்கூட நாடகத்துக்கு என்றேன். அதுதான் இதில் என் முதல் பொய்.

நேர்காணல் அன்று வெள்ளைப் புடவையில் கிளம்பினேன். அம்மாவும் அப்பாவும் முழங்கால் போட்டு ஜெபித்து அனுப்பினார்கள். செயின் கைப்பையில் காகிதத்தில் சுற்றி இருந்தது. லேடீஸ் பெட்டியில் ஏறினேன். சைதாப்பேட்டை தாண்டியதும் அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கொக்கியை மாட்டினேன். கொக்கி இரண்டு முறை நழுவியது.

எதிரில் பூக்கூடையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் கையாலயே போட்டுக்கிறியே கண்ணு. வூட்ல சண்டையா?" என்று கேட்டார். குரலில் கேலி இல்லை, கவலைதான் இருந்தது. நுங்கம்பாக்கம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் தமிழில் சொல்ல நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. கணவருக்கு எத்தனை பேர் கூடப்பிறந்தவர்கள், கல்யாணத்துக்கு முன் எத்தனை முறை பார்த்தீர்கள், அன்று என்ன சாப்பாடு என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். பிறகு அதிகாரி எங்கள் கல்யாணப் படத்தைக் கையில் எடுத்தார். படத்தைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

மொழிபெயர்ப்பு அம்மா கேட்டார், "இந்தத் தாலி எப்போ கட்டினதும்மா?"

"கல்யாணத்தன்னைக்கு. படத்துல புடவைக்குள்ள இருக்கு."

"யார் கட்டினாங்க?"

"அவர்தான்."

அந்த அம்மாவின் கண் செயின் மேல் ஒரு நிமிடம் நின்றது. ஒரு வருடம் வேர்வையில் கிடந்த கவரிங் அப்படிப் பளபளக்காது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் நான் சொன்னதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி நிறைய எழுதினார். இன்னும் விசாரிக்க வேண்டும், எவ்வளவு நாளாகும் என்று இப்போது சொல்ல முடியாது என்று அனுப்பிவிட்டார்.

திரும்பும்போது பல்லாவரத்தில் அதைக் கழற்றினேன். வீட்டில் தையல் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. என் கணவரிடமும் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு கடிதத்திலும், அன்றைக்கு என்ன கேட்டார்கள், விவரமாக எழுது என்று எழுதுவார். பொதுவாகத்தான் கேட்டார்கள் என்று பதில் போடுவேன். அடுத்த வாரமும் அதே கேள்வி வரும். மனுஷனுக்கு வேறு பேச்சே இல்லையா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மாதங்கள் போயின. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நீங்கள் எல்லோரும் எனக்காகக் கதறினீர்கள். மேரி அக்கா கையை உயர்த்தி, "அந்த ஆபீசுக்குள்ள இருக்கிற பொய்யின் ஆவியைக் கட்டுறோம் ஆண்டவரே" என்று ஜெபித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான்தான். அந்த அதிகாரியின் மனதைத் திருப்பும், நான் சொன்னதை அவர் நம்பும்படி செய்யும் என்று ஆண்டவரைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் பொய்யை நிஜமாக்கித் தரச் சொல்லி ஆண்டவரிடமே மனுப் போட்டிருக்கிறேன். பட்டினி வேறு கிடந்தேன்.

நவம்பரில் இரண்டாம் அழைப்பு வந்தது. இதிலும் சந்தேகம் தீராவிட்டால் மனு நிராகரிக்கப்படும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்தச் சமயத்தில் மாமனாருக்கு இரண்டாம் தடவையும் பக்கவாதம் வந்து பேச்சு நின்றிருந்தது. என் கணவர் டிப்போவில் சம்பளமில்லா லீவு போட்டிருந்தார். கடிதத்தில் அவர் கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

அந்த வெள்ளிக்கிழமை மேரி அக்கா மறுபடியும் அதே ஜெபத்தைத் தொடங்கினார். பொய்யின் ஆவி என்றதும் எனக்கு ஆமென் வரவில்லை. எழுந்து பின்பக்கம் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கழுவக் கழுவக் கண்ணீர் வந்தது. அங்கேயே, ஈரச் சிமெண்டில் உட்கார்ந்து, ஆண்டவரே, பொய் அந்த ஆபீசில் இல்லை, என் வீட்டு மெஷின் டிராயரில் இருக்கிறது என்றேன். பத்து மாதத்தில் நான் செய்த முதல் ஜெபம் அது என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

மறுநாளே என் கணவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஐ.எஸ்.டி. பூத்தில் போன் செய்து சொல்லியிருக்கலாம். ஆனால் பூத்துக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்க, இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. கடிதம் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும். நேர்காணலுக்கு ஆறு நாள்தான் இருந்தது. அவர் படித்தாரா, கோபப்பட்டாரா, ஒன்றும் தெரியாமல்தான் நான் போக வேண்டும்.

அன்று காலை ரயிலில் கழுத்தில் ஒன்றும் இல்லை. மடியில் அந்த பைபிள். செயின் அதே காகிதத்தில், அதே கைப்பையில் இருந்தது. கிண்டியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்தும் நின்றேன். கூட்டம் ஏறி என்னை மறுபடி உட்கார வைத்துவிட்டது.

அதே அதிகாரி, அதே அம்மா. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன் நான் சொன்னேன், "போன தடவை நான் பொய் சொன்னேன். எனக்கு யாரும் தாலி கட்டலை. எங்க சபையில அது கிடையாது. இதை நானே கடையில வாங்கி, ரயில்ல போட்டுக்கிட்டு வந்தேன்." பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். அதற்குள் அது கறுக்கத் தொடங்கியிருந்தது.

மொழிபெயர்ப்பு அம்மா ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் ஆங்கிலத்தில் சொன்னார். ஏன் அப்படிச் செய்தாய் என்று அதிகாரி கேட்டார். பயம் என்றேன். கல்யாணத்தன்று கணவர் உனக்கு என்னதான் கொடுத்தார் என்று கேட்டார். பைபிளைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, ஃபைலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் கெட்டேன், என்னோடு சேர்ந்து அந்த மனுஷனும் கெட்டார், பேச முடியாமல் படுத்திருக்கும் மாமனாரும் கெட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

கூப்பிட்டார்கள். அதிகாரி பைபிளைத் திருப்பிக் கொடுத்து ஏதோ சொன்னார். அந்த அம்மா சொன்னார், "உங்க வீட்டுக்காரர்கிட்டயும் நாங்க எழுதிக் கேட்டோம்மா. தாலி கட்டலை, பைபிள்தான் குடுத்தேன், முதல் பக்கத்துல ரெண்டு பேர் பேரும் தேதியும் எழுதினேன்னு அவர் மார்ச் மாசமே எழுதிட்டார். நீங்க சொன்னதுதான் ஒத்துப் போகாம நின்னுச்சு. இன்னிக்கு ஒத்துப் போச்சு. பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டுப் போங்க."

பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மாவே எழுந்து வந்து, பொட்டலத்தை மடித்து என் கையில் வைத்து, வாசல் வரை கொண்டுவந்து விட்டார். இவ்வளவையும் 1991-இல் சபையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதிகாரியின் மனதைக் கர்த்தர் திருப்பினார் என்று மட்டும் சொன்னேன். திரும்பியது அவர் மனது அல்ல. மேரி அக்கா, என் பொய்யை மறைத்துக்கொண்டு உங்கள் எல்லோரையும் ஜெபிக்க வைத்ததற்கு என்னை மன்னியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று வாரம் கழித்து என் கணவரின் பதில் வந்தது. விசா விஷயம் தெரிவதற்கு முன்பே எழுதிய கடிதம் அது. இன்றும் அதே பைபிளில் வைத்திருக்கிறேன்.

"எஸ்தர், எப்போது தாலி கட்டினாய் என்று மார்ச்சில் அவர்கள் என்னைக் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. நேராகக் கேட்டால் நீ பயந்து இன்னொரு பொய் சொல்வாய் என்றுதான், என்ன கேட்டார்கள் என்று மட்டும் ஒவ்வொரு வாரமும் எழுதினேன். நீயாகவே எனக்குச் சொல்ல வேண்டும் என்று தினமும் அப்பாவின் கட்டில் பக்கத்தில் ஜெபித்தேன். இன்று உன் கடிதம் வந்தது. விசா வரட்டும், வராமல் போகட்டும். எனக்கு என் மனைவி கிடைத்துவிட்டாள்."

மாமனாரை இரண்டு வருடம் என் கையால் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் கிடைத்தது. கடைசிவரை அவருக்குப் பேச்சு வரவில்லை. நான் உள்ளே வந்தால் இடது கையைத் தூக்கிக் காட்டுவார்.

இன்று உங்களில் யாராவது விசாவுக்கோ வேலைக்கோ பிள்ளைக்கோ வருடக்கணக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். ஆண்டவர் செவிகொடுக்கவில்லை என்று நினைக்காதீர்கள். தாமதமெல்லாம் நம் தப்பால்தான் வருகிறது என்றும் நான் சொல்லவில்லை. என்னுடையது அப்படி, அவ்வளவுதான். ஆனால் டிராயரில் ஏதாவது ஒளித்து வைத்திருந்தால் முதலில் அதை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். அவர் திட்டமாட்டார். நான் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான் பத்து மாதம் உபவாசம் இருந்து கேட்டது எனக்குக் கிடைக்கவில்லை, ஸ்தோத்திரம். லண்டனில் ஒரு கட்டில் பக்கத்தில் ஒருவர் எனக்காகக் கேட்டது கிடைத்தது.