மேலே பிடிக்க ஒருவர், கீழே திருப்ப ஒருவர்

மண்ணெண்ணெயும் பிறேக் ஓயிலும் கலந்து, கறள் பிடித்த இரும்பில் ஊறினால் ஒரு மணம் வரும்... இரண்டு நாளைக்குப் போகாது. சோறு குழைத்து வாயில் வைக்கும்போதும் விரலில் அந்த மணம்தான்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகள் அவை.

அச்சுவேலியில் அண்ணையின் வீட்டுக் கொட்டிலில் அப்பாவின் பழைய மொறிஸ் மைனர் நின்றது. இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டுப் போன கார். திரும்பி வந்து பார்த்தால் நாலு டயரும் மண்ணுக்குள். பின் சீற்றுக்குள் அணில் கூடு. "ஓடப்பண்ணுவம், ஓடப்பண்ணுவம்" என்று அப்பா சொல்லிக்கொண்டேயிருந்தார். அவர் இருக்கும்வரை அது நடக்கவில்லை.

அவர் போய் மூன்று வருஷத்துக்குப் பிறகு நான் தொடங்கினேன். ஞாயிறு தோறும் அரியாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் போவேன். ஒரே ஒரு சங்கடம்... கார் நின்றது அண்ணையின் வீட்டில். அண்ணையும் நானும் கதைப்பதில்லை.

அப்பா மோசம் போன அன்று நான் வவுனியாவில் வேலையில் இருந்தேன். வந்த பஸ் இடைவழியில் பழுதாகிவிட்டது. ஊருக்கு வந்து சேர்ந்தபோது சுடலையில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் செலவுச் சடங்கு அன்று, வந்திருந்த அவ்வளவு சனத்துக்கும் முன்னால் அண்ணையிடம் கேட்டேன்:

"உங்களுக்கு அப்பிடி என்ன அவசரம்?"

அன்றோடு பேச்சு நின்றது.

நான் காரோடு மல்லுக்கட்டும் நேரத்தில் அவர் பின்வளவில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார். அண்ணிதான் தேத்தண்ணி கொண்டுவந்து தருவா.

முன் சீற்றுகள் இரண்டையும் கழற்ற வேண்டியிருந்தது. எட்டு போல்ற்றுகள். போல்ற்றின் தலை காருக்குள்ளே, நட்டு தரைத் தகட்டுக்குக் கீழே. கறள் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. கீழே நட்டைத் திருப்பினால் மேலே தலையும் சேர்ந்து சுற்றும். கிறைண்டரால் அறுக்கவும் பயம். தரைத் தகடு அப்பளம்போல மெலிந்து கிடந்தது.

மேலே தலையில் ஒரு ஸ்பனரை மாட்டி, அசையாமல் செங்கல்லை அண்டக் கொடுத்துவிட்டு, காருக்குக் கீழே பூர்ந்து நட்டைத் திருப்பினேன். செங்கல் நழுவியது. கை வழுக்கி, விரல் மடங்கும் மொழியில் தோல் கிழிந்துபோனது.

இரத்தத்தைக் கண்ட அண்ணி கேட்டா: "தம்பி, இவரைக் கூப்பிடட்டோ?"

"வேண்டாம் அண்ணி."

துணியைக் கட்டிக்கொண்டு காருக்குள் ஏறி, அந்தப் போல்ற்றையே பார்த்தபடி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கீழே ஏதோ சரசரத்தது. எட்டிப் பார்த்தால் ஈரமண் ஒட்டிய இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

கீழேயிருந்து ஒரு சொல்.

"பிடி."

ஸ்பனரைப் போட்டுப் பிடித்தேன்.

"பிடிச்சிருக்கிறியோ?"

"ஓம்."

"விடாதை."

கிரீச்சென்று ஒரு சத்தம்... நட்டு ஒரு மயிரளவு அசைந்தது. எனக்கென்றால் ஒரே மூச்சில் கழற்றிவிட வேண்டும். அண்ணை அப்படியில்லை. முன்னுக்குக் கொஞ்சம், திரும்பப் பின்னுக்குக் கொஞ்சம், இரண்டு சொட்டு எண்ணெய், பிறகும் முன்னுக்கு. ஒரு போல்ற்றுக்கு ஒரு மணித்தியாலம் போனது.

அன்று இரண்டு. அடுத்த ஞாயிறு மூன்று. பிடி, விடு, எண்ணெய், ஓம்... இந்த நாலு சொல்லைத் தவிர எங்களுக்குள் வேறு கதையில்லை.

மூன்றாவது ஞாயிறு ஆறாவது ஒருவாறு வந்தது. ஏழாவது அசையவே இல்லை. நான் முழு உடம்பையும் கொடுத்து அமத்திக்கொண்டிருந்தேன். கீழே கை ஓய்ந்தது. களைத்துப்போனார் என்று நினைத்தேன்.

"நான் நாலு மணி வரைக்கும் ரோட்டிலை நிண்டு பாத்தனான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "எதை?"

"நீ வாற பஸ்ஸை."

கறள் தின்ற ஓட்டைகளால் அவரின் குரல் மட்டும் வந்தது. முகம் தெரியவில்லை.

"மழை இருட்டிக்கொண்டு வந்திட்டுது. விறகு நனைஞ்சால் என்னடா செய்யிறது? சனம் எல்லாம் என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டது. எடுங்கோ எண்டு நான்தான் சொன்னனான். அண்டைக்குத் தொடக்கம் நித்திரை இல்லை எனக்கு."

மூன்று வருஷமாக இதை நான் ஒரு தரம்கூடக் கேட்டுப் பார்க்கவில்லையே...

"நான் சனத்துக்கு முன்னாலை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது, அண்ணை."

கீழே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சரி, சரி. இறுக்கிப் பிடி."

பிடித்தேன். அவர் ஒரு முக்கு முக்கினார். டக்!

"முறிஞ்சிட்டுது!" என்று கத்திவிட்டுச் சிரித்தார். நானும் காருக்குள் இருந்து சிரிக்க, என்னவோ ஏதோவென்று அண்ணி குசினியால் ஓடி வந்தா. எட்டாவது போல்ற் சண்டை போடாமலே கழன்றது.

அடுத்த வருஷம் சந்நிதித் திருவிழாவுக்குத் தொண்டைமானாறு வரைக்கும் அந்தக் காரிலேயே போனோம். பாலத்தில் இரண்டு தரம் நின்றது. இறங்கித் தள்ளினோம்.

இப்போது அண்ணை கொழும்பில், மகளோடு. முழங்கால் மடக்க முடியாது. கார் என்னிடம் இருக்கிறது. ஏதும் இறுகினால் கராஜுக்குக் கொண்டுபோவேன். பெடியள் ஸ்பிறே ஒன்றை அடித்து, துவக்குப்போலக் கையில் பிடிக்கும் காற்று மெசினை வைத்து நொடியில் கழற்றிவிடுவார்கள். நான் தள்ளி நின்று தேத்தண்ணி குடிப்பேன்.

ஞாயிறு தோறும் அண்ணையோடு வீடியோவில் கதைக்கிறேன். பேரப்பிள்ளைகள், மருந்து, வெங்காய விலை... ஒரு மணித்தியாலம் போவது தெரியாது.

போன கிழமை கேட்டார்: "கார் ஓடுதோ?"

"ஓம், ஓடுது."

"தனியக் கீழை பூராதை, என்ன."

"ஓம் அண்ணை" என்றேன்.

அவர் கொழும்புக்குப் போனபிறகு நான் அந்தக் காருக்குக் கீழே ஒரு நாளும் பூர்ந்ததில்லை. அதை அவருக்குச் சொல்லவில்லை.