வார்டில் கிடைத்த மரியாதை

ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டுக்கு டாக்டராகப் போனேன். படித்து முடித்த சூடு அப்போது ஆறவில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே தபால் கந்தோருக்குப் போன ஆள் நான், பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டு மணிக்கு ரவுண்டு. நான் வாசலில் கால் வைத்ததும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் எழுந்து, கட்டிலோரம் நின்று கும்பிடுவார்கள். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் தோட்டத்துத் தொரை முன்னால் வரிசையாக நின்று பழகியவர்கள். நான் பெரிய மனது பண்ணி, "படுங்க, படுங்க" என்பேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவே சீக்கிரம் எழும்பினேன் என்றாலும் பொய்யில்லை.

அப்போதுதான் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். இதயம் பலவீனம், கால் இரண்டும் வீக்கம், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். 'முழு ஓய்வு' என்று கட்டிலில் தொங்கும் நோயாளி டிக்கெட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டேன். நாடித் துடிப்பைக் குறைக்க மருந்தும் கொடுத்தேன்.

குறைந்தால்தானே! காலையில் நான் எண்ணினால் நாடி தலைதெறிக்க ஓடும். மத்தியானம் நர்ஸ் எண்ணினால் நிதானமாக இருந்ததாக எழுதியிருப்பார். "உங்களுக்கு எண்ணத் தெரியாதா, நர்ஸ்?" என்று முழு வார்டும் கேட்கச் சீறினேன். மருந்தைக் கூட்டினேன். நாலு நாள் கழித்து மறுபடியும் கூட்டினேன். அளவு மீறினால் அந்த மருந்தே ஆளை முடித்துவிடும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் மூன்றாம் தடவை கூட்டப் பேனாவை எடுத்தேன்.

நர்ஸ் டிக்கெட்டின் மேல் கையை வைத்தார்.

"டாக்டர், நான் எண்ணுறப்ப அவரு படுத்தே இருக்காருங்க. நீங்க எண்ணுறப்ப, எந்திரிச்சு நின்னு கும்பிட்டுட்டு அப்பதான் படுத்திருக்காருங்க."

பேனாவை மூடிப் பைக்குள் செருகினேன். முழு ஓய்வு எழுதிக் கொடுத்த மேதாவி நானேதான் தினம் காலையில் அந்த மனுஷரைக் கட்டிலை விட்டு இறக்கி நிறுத்தியிருக்கிறேன்.

உடனே அவரிடம் போய், "இனிமே நான் வந்தா எந்திரிக்கக் கூடாது" என்றேன். "சரிங்கய்யா" என்று சொல்வதற்காக அவர் எழுந்து நின்றார்.

மறுநாளிலிருந்து சப்பாத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டு, பின்வாசலால் திருடன் மாதிரி அவர் தலைமாட்டுக்குப் போய் நாடி பிடித்தேன். மற்றவர்கள் எழும்பாதபடி நர்ஸ் முன்கூட்டியே மிரட்டி வைத்திருந்தார். சிமெந்துத் தரையின் குளிர் உச்சிவரை ஏறியது. நல்லா வேணும் எனக்கு. மருந்தைப் பழைய அளவுக்கே இறக்கினேன். மூன்று வாரத்தில் வீக்கம் வற்றி அவர் வீட்டுக்குப் போனார்.

ஆறு மாதம் கழித்து, வெளிநோயாளர்கள் காத்திருக்கும் அறைக்குள் நுழைந்தேன். வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எழும்பாமல் இருக்க அந்த மனுஷர் படாத பாடு பட்டார். மற்றவர்கள் தொரைக்கு எழுந்து நின்றார்கள். அவர் மட்டும்தான் டாக்டர் சொன்னதைக் கேட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து நாடியைப் பிடித்தேன். எழுபத்தெட்டு. எதற்கும் இருக்கட்டும் என்று நர்ஸைக் கூப்பிட்டு இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன்.