லென் வெளியே கிளம்பிய கதை

லென் ஹால்ச்சக் முப்பத்து மூன்று வருடம் ரயில்வேயில் இருந்தவர். வின்னிபெக் நகரின் டிரான்ஸ்கோனா ரயில் யார்டில் சரக்குப் பெட்டிகளைக் கோர்ப்பதும் கழற்றுவதும் அவர் வேலை. மைனஸ் நாற்பது டிகிரி குளிரில் பெட்டியின் ஏணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போன மனிதர். அப்படிப்பட்டவர், ஓய்வு பெற்ற இரண்டாவது குளிர்காலத்தில், பால் வாங்கக்கூட வீட்டை விட்டு இறங்க முடியாமல் கிடந்தார். காரணம், பதினெட்டு கிலோ எடையுள்ள ஒரு நாய்.

நாயின் பெயர் டர்னிப். ஆறு வருடத்துக்கு முன் அவர் மனைவி டார்லீன் நாய்க் காப்பகத்திலிருந்து தூக்கி வந்தார். உருண்டை உடம்பு, வெள்ளையில் அழுக்குப் பழுப்பு. "மண்ணுலேர்ந்து இப்பத்தான் புடுங்கின டர்னிப் கிழங்கு மாதிரி இருக்கு பாரு" என்று சொல்லி, அதையே பெயராகவும் வைத்துவிட்டார். டார்லீன் வீட்டிலேயே தையல் வேலை பார்த்தவர். ஊராரின் குளிர்க் கோட்டுகளுக்கு ஜிப் மாற்றுவார், பேண்ட் நீளம் குறைப்பார். தையல் மிஷினுக்கு அடியில், அவர் காலடியில்தான் டர்னிப்பின் பொழுது முழுக்கக் கழிந்தது. ஆறு வருடத்தில் அந்த நாய் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருந்ததில்லை.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை டார்லீன் மிஷின் மேலேயே சரிந்தார். பக்கவாதம். ஆம்புலன்ஸ் வந்தது, லெனும் கூடவே ஏறிக்கொண்டார். பதினோரு மணி நேரம் கழித்து அவர் திரும்பியபோது வாசல் கதவின் சட்டம் கீழ்ப்பக்கம் தும்பு தும்பாகக் கிழிந்திருந்தது. டர்னிப்பின் முன்னங்கால் நகங்களில் ரத்தம். அதற்குப் பிறகு அவர் எந்த நாளில் வெளியே கிளம்பினாலும் அதே கூத்துதான். ஓலம், கதவைப் பிறாண்டல், எச்சில் வழிந்து நனைந்த மார்பு.

டார்லீனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். உள்ளே நாய்க்கு அனுமதி இல்லை. நவம்பர் தொடக்கத்தில் டர்னிப்பை வண்டிக்குள் விட்டுப் பார்த்தார். சீட் பெல்ட் இரண்டையும் கடித்துத் துண்டாக்கியது. அப்புறம் வண்டியில் எந்த உயிரையும் விட்டு வைக்க முடியாத குளிர் வந்துவிட்டது. டார்லீனின் அக்கா பெர்னிஸ் மட்டும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டிய ஹோலுப்ச்சியோடு வந்து இரண்டு மணி நேரம் நாய்க்குத் துணையாக உட்காருவார். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் லென் மனைவியைப் பார்க்கும் நேரம்.

"நாய்க்கு நீ காவலா, உனக்கு நாய் காவலா?" என்று கோட்டைக் கழற்றும்போதே பெர்னிஸ் ஆரம்பித்துவிடுவார். "எங்க சித்தப்பா பையன் பண்ணையில கொண்டு போய் விட்டுரு. வாயில்லாத ஜீவனுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

"பாக்கலாம்" என்பார் லென்.

பார்க்க முடியாது என்று அவருக்குத் தெரியும். பக்கவாதம் டார்லீனுக்கு மிச்சம் வைத்த வார்த்தைகள் பத்துப் பன்னிரண்டுதான். லென் அறைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் கேட்பது, "டர்ன்?" என்பதுதான். "நல்லா இருக்கு" என்று லென் சொல்வார். கோணிய வாய் அப்போதுதான் தளரும். பண்ணையில் விட்டுவிட்டு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

டிசம்பரில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். கெய்லா என்ற உதவியாளர் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் தனியா தாங்குது?"

"நேரமாவது ஒண்ணாவது. நான் சாவியைத் தொட்டாலே நடுங்குது."

"அப்ப சாவியிலேர்ந்து ஆரம்பிங்க. எடுங்க, வச்சிருங்க, எங்கயும் போகாதீங்க. அதுக்கு அலுத்துப் போகணும். அப்புறம் பூட்ஸ். அப்புறம் கதவு. அஞ்சு செகண்ட் வெளிய நின்னுட்டு உள்ள வந்துருங்க. டாக்டர் மாத்திரையும் தருவாங்க, அது வேலை செய்ய சில வாரம் ஆகும்." கொஞ்சம் தயங்கினாள். "ஒரு விஷயம். பழக்குற வரைக்கும் அதால தாங்க முடிஞ்ச நேரத்துக்கு மேல ஒரு தடவைகூடத் தனியா விடாதீங்க. விட்டா எல்லாம் பாழ்."

நாய் ஐந்து நொடி தாங்கினால் தனக்கும் ஐந்து நொடிதான் விடுதலை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் லெனுக்கு உறைத்தது.

சாவியை ஒரு நாளைக்கு முப்பது தடவை எடுத்து வைத்தார். பூட்ஸ் மாட்டி, குளிர்க் கோட்டுப் போட்டு, சமையலறை மேஜையில் உட்கார்ந்து வியர்க்க வியர்க்கக் காபி குடித்தார். கதவைத் திறந்து சாத்தினார். பின்வாசல் படியில் நின்று ஐந்து எண்ணினார், பத்து எண்ணினார். ரப்பர் பொம்மைக்குள் வேர்க்கடலை வெண்ணெய் அடைத்து உறைய வைத்துக் கொடுத்தார். அவர் வெளியே நிற்கும்வரை டர்னிப் அதைத் தொடாது. உள்ளே வந்ததும் நக்கித் தீர்க்கும். மூன்று வாரத்தில் இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் முன்வாசல் தபால் பெட்டிக்குப் போய்த் திரும்பலாம். அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் அதே மூன்று அறை, அதே ஜன்னல், பின்னாலேயே வரும் அதே நகச் சத்தம். குளியலறைக்குப் போனாலும் கதவுக்கு அடியில் மூக்கு தெரியும்.

ஒரு நாள் கத்திவிட்டார். "சும்மா இருக்க மாட்டியா? அவளும் இல்ல, நானும் சாகணுமா?" டர்னிப் நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. லென் துணியை எடுத்து வந்து துடைத்தார். துடைத்த பிறகும் தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி நடுவில் பராமரிப்பு இல்லத்திலிருந்து போன் வந்தது. டார்லீனுக்கு உணவு மூச்சுக்குழாயில் போய்க் காய்ச்சல் கண்டிருக்கிறது, வர முடியுமா? பெர்னிஸ் போனை எடுக்கவில்லை. லென், குளிரில் இன்ஜின் உறையாமலிருக்க மாட்டிவைத்திருந்த மின்வயரைப் பிடுங்கி, வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிடம் சூடாக விட்டு, பிறகு புறப்பட்டுப் போனார். டார்லீன் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் இருந்தார். காய்ச்சல் இறங்கியது. திரும்பி வந்தால், கதவுச் சட்டத்தில் புதுத் தும்பு, புது ரத்தம்.

பெர்னிஸின் சித்தப்பா பையனுடைய எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் ஒருவர் "ஹலோ" என்றார். லென் போனை வைத்துவிட்டார்.

அப்போது கதவு தட்டப்பட்டது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட பக்கத்துப் பாதி வீட்டுக்காரர் ஒடெட் லஷான்ஸ். இரவுப் பணி நர்ஸ், பகலில் தூங்குகிறவர். அந்தச் சுவர் வழியாக இரண்டரை மாதமாக ஓலம் கேட்டவர். நைட்டி மேல் குளிர்க் கோட்டு, காலில் அவர் கணவரின் பூட்ஸ்.

"திட்டணும்னா திட்டிருங்க, ஒடெட்."

"திட்ட வரல. இன்னைக்குத் தூக்கம் போச்சு, சரி, படுத்துக்கிட்டே காதைக் குடுத்துக் கேட்டேன். நீங்க கதவைச் சாத்தினதும் அது கத்தல, தெரியுமா?"

"அப்புறம்?"

"வண்டி ஸ்டார்ட் ஆச்சு பாருங்க, அப்பத்தான். பத்து நிமிஷம் வண்டி வாசல்ல உறுமிக்கிட்டே நிக்குதே, அவ்வளவு நேரமும் நாய் ஜன்னலுக்கும் கதவுக்குமா ஓடுது. நீங்க தெருமுனை தாண்டுறதுக்குள்ளயே அதுக்குப் பைத்தியம் புடிச்சிருது."

லென் ஜன்னல் வழியாக வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். டார்லீன் சரிந்த அந்தத் திங்கட்கிழமை ஆம்புலன்ஸும் இன்ஜினை அணைக்காமல் வாசலில் உறுமிக்கொண்டுதான் நின்றது.

மறுநாளிலிருந்து மறுபடி முதலிலிருந்து. இந்த முறை வண்டியும் பாடத்தில் சேர்ந்தது. கிளப்புவார், உள்ளே வந்து டர்னிப் பக்கத்தில் உருளைக்கிழங்கு தோல் சீவுவார், போய் அணைப்பார். அரை மணி கழித்து மறுபடி. எதிர்வீட்டு ஸ்டான், பனி வாரும் மண்வெட்டியோடு நின்று பார்த்தார்.

"என்ன லென், வண்டியில கோளாறா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நாய்க்குப் பழக்கிட்டிருக்கேன்."

"லைசென்ஸ் எப்ப எடுக்குது?"

பிப்ரவரியில், வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் போய் நிறுத்திக்கொண்டு, பணிக்குக் கிளம்புமுன் எழுந்திருக்கும் ஒடெட்டுக்குப் போன் போடுவார்.

"என்ன பண்ணுது?"

"தண்ணி குடிக்குது."

"இப்போ?"

"பெருமூச்சு விடுது. யப்பா, எங்க வீட்டு வரைக்கும் கேக்குது. வீட்டுக்கு வாங்க, போதும்."

மாத்திரையும் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. எட்டு நிமிடம், பதினைந்து, இருபது. மார்ச் கடைசியில் ஐம்பது. ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, நூறு நிமிடம் கையில் வைத்துக்கொண்டு லென் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார். டார்லீன் குழம்பிப்போய், "ஞாயிறு?" என்றார்.

"இல்ல, செவ்வாய். டர்னிப் தனியா இருக்கு. தூங்குதாம். ஒடெட் சொல்றாங்க."

டார்லீன் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. போக வர ஆகும் நேரம் போக மிச்சமிருந்த ஐம்பது நிமிடமும் லென் கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் இருந்தார். ஆனாலும் இருந்தார்.

மே மாதம் வெயில் வந்ததும் டார்லீனைச் சக்கர நாற்காலியில் தோட்டத்துக்கு அழைத்து வரலாம் என்றார்கள். தோட்டத்துக்கு நாய் வரலாம். டர்னிப் முதலில் நாற்காலியின் சக்கரத்தை மோந்தது, அப்புறம் அவர் செருப்பை. பிறகு அவர் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டு ஒரு முனகல் முனகியது. டார்லீனின் அசையும் கை அதன் காதிலேயே இருந்தது. ஒரு மணி கழித்து நர்ஸ் நாற்காலியை உள்ளே தள்ளிப் போனபோது டர்னிப் கண்ணாடிக் கதவில் மோதிக் கத்தியது. மறுநாள் வீட்டில் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"இனிமே கூட்டிட்டுப் போகாதே. பட்ட பாடெல்லாம் வீணா?" என்றார் பெர்னிஸ்.

லென் ஒரு நாள் முழுக்க யோசித்தார். நாயைக் கூட்டிப் போகாவிட்டால் அவர் செவ்வாய் போகலாம், வியாழன் போகலாம். கூட்டிப் போனால் மறுபடி பின்வாசல் படி, மறுபடி ஐந்து, பத்து. வெள்ளிக்கிழமை போன் செய்து நர்ஸிடம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நாயைக் கூட்டிட்டு வரேன். டார்லீனை உள்ள கூட்டிட்டுப் போறப்ப ஒரேயடியா போகாதீங்க. கதவு வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வாங்க. பத்துத் தடவை."

நர்ஸ் சிரித்தார், ஆனால் செய்தார். டார்லீன் கதவு வரை போவார், திரும்பி வருவார். உள்ளே போய், நர்ஸ் ஐந்து எண்ணியதும் வருவார். "டர்ன்" என்பார், போவார். வாரா வாரம் அப்படியே நடந்தது. ஜூலை கடைசி ஞாயிறு, கதவு சாத்தி, டார்லீன் உண்மையாகவே அறைக்குப் போய்விட்டார். டர்னிப் கத்தாமல் புல்லில் உட்கார்ந்து கதவையே பார்த்தது. லென் அவசரப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கால்மணி நேரம் காத்திருந்தார். பிறகு நாய் எழுந்து உடம்பைச் சிலுப்பிக்கொண்டு அவரிடம் வந்தது.