பிறம்ரனில் பெண் கேட்கப் போன கதை: நடுவில் நான், இரு பக்கமும் பிரெஞ்சும் இங்கிலீஷும்

சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை பிறம்ரன் நகருக்குப் போனோம். என்னோடு வேலை செய்யும் செலோமுக்குப் பெண் கேட்கும் சடங்கு. அவன் வீட்டார் கானா நாட்டவர், இங்கிலீஷ் பேசுபவர்கள். பெண் அஃபியின் வீட்டார் பக்கத்து டோகோ நாட்டவர், பிரெஞ்சு பேசுபவர்கள். கனடாவுக்கு வருமுன் நான் பாரிசில் இருந்தவன் என்பதால் மொழிபெயர்க்க என்னைப் பிடித்துவிட்டான். பெண்ணின் பெரியப்பா சம்மதிக்காவிட்டால் கல்யாணம் இல்லையாம்!

"உங்கட பிரெஞ்சு ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவின பிரெஞ்செல்லோ? பெடியன்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போடாதேங்கோ," என்றாள் மனைவி வசந்தி, காரில் ஏறும்போதே.

நாங்கள் இருக்கும் வோபர்னிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் அளவில் வரும். 407 கட்டணச் சாலையில் போனால் காசு கரையும், 401 நெடுஞ்சாலை நெரிசலில் போனால் நேரம் கரையும். நாங்கள் 401. ஒன்றே முக்கால் மணித்தியாலம்!

இரு வீட்டாரும் எவே இனத்தவர்தான். ஜெர்மன்காரரிடமிருந்து பறித்த டோகோலாந்தைப் பிரித்தானியாவும் பிரான்சும் பங்கு போட்டபோது, கோடு இவர்கள் சனத்தின் நடுவால் போனது; பிரித்தானியப் பக்கம் பிறகு கானாவோடு சேர்ந்தது, பிரெஞ்சுப் பக்கம் டோகோ ஆனது. அந்தப் போட்டி பிறம்ரன் மண்டபத்தில் இன்னும் முடியவில்லை. வாத்தியாராக இருந்த பெரியப்பா பிரெஞ்சை விட்டு இறங்கமாட்டார். தாதியாக இருந்த செலோமின் மாமி இங்கிலீஷை விடமாட்டார். சபையில் வீட்டு மொழியான எவேயைப் பேசினால் மதிப்புக் குறைந்துவிடுமாம். பாரிஸ், லண்டன் சொந்தங்களை ஒரே மேசையில் இருத்திப் பார்த்த நமக்கு இது புதிதா என்ன?

பெரியப்பா குடும்பப் பெருமையை நீட்டி முழக்கினார். நான் "நல்ல குடும்பம்" என்று முடித்தேன்.

"இதைச் சொல்லவோ இவ்வளவு நேரம் கதைச்சவர்?" என்று மாமி என்னை முறைத்தார். பெரியப்பாவின் முகம் இறுகியது. செலோம், பாவம், வியர்த்து வழிந்தான்.

மாமி பொறுமை இழந்து எவேயில் ஏதோ முணுமுணுத்தார். பெரியப்பா திகைத்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்து எவேயிலேயே திருப்பிக் கொடுத்தார். மண்டபமே கொல்லென்றது. அஃபி என் காதில் சொன்னாள்: "'இந்த மனிசன் ஓமெண்டுறதுக்குள்ள குழம்பு ஆறிப்போகும்' எண்டவ. 'அப்ப சாப்பிட்டுக்கொண்டே ஓமெண்டுறன்' எண்டவர்."

அதன்பின் என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருவரும் வாய் ஓயாமல் கதைத்தார்கள். மேளம் தொடங்கியது. வசந்தியையும் இழுத்து ஆடவைத்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இப்படியொரு அழைப்பு வந்தால் விடாதீர்கள். காலையில் சாப்பிடாமல் போங்கள். அந்த மீன் குழம்பின் உறைப்பு நம் உறைப்புக்குச் சளைத்ததல்ல. 401 என்றால் இரண்டு மணித்தியாலம் முன்னதாக வெளிக்கிடுங்கள். மொழிபெயர்க்கக் கேட்டால் பயப்படாமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

விடைபெறும்போது மாமி என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீர் இன்னும் கொஞ்சம் நல்லாய் மொழிபெயர்த்திருந்தால், தம்பி, இந்தக் கலியாணம் நடந்திராது."